மூன்றாம் அறையின் தரை

பாடநூலில் மூளையின் மூன்றாம் அறைக்கு
ஒரே ஒரு தரைதான்.
கண்ணாடித்தாள் போல மெலிந்தது, அடியில் நீலம் தெரியும்.
பின்னால் இரண்டு வெள்ளைப் புடைப்புகள்,
முன்னால் இளஞ்சிவப்புக் குழி,
நடுவில் ஓர் அம்புக்குறி:
இங்கே துளையிடு.

பதினோரு ஆண்டாக இம்பாலேயில் இந்த வேலை.
அந்தத் தரையை நான் கண்டது
ஆறேழு தடவை இருக்கும்.

மற்றவை என் நோட்டில், பென்சிலில்.
செருப்புத்தோலாகத் தடித்த ஒன்று.
தொய்ந்து, கீழே போகும் தமனிமேலேயே
படுத்துவிட்ட ஒன்று.
நடுத்தடுப்பு இல்லாமல் இரண்டு பக்க அறைகளும் ஒன்றாகி
இடமா வலமா என்று என்னை நிறுத்திய ஒன்று.
வாசலுக்குக் குறுக்கே சிரை ஓடிய நாளில்
படம்கூட வரையவில்லை,
தேதி மட்டும் இருக்கிறது.

வெமேசா. ஐந்து மாதம். தலை ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
முதுகில், பிறந்த மூன்றாம் நாள் மூடிய புண்ணின் தழும்பு.
கண்மணிகள் கீழிமைக்குள் பாதி இறங்கியிருந்தன.

“குழாய் வைத்தால் அடைத்துக்கொள்ளுமாமே”
என்றாள் நபுலோ, அவன் தாய்.
அடைக்கலாம், என்றேன்.
“அடைத்தால் எத்தனை மணி நேரம் தாங்குவான்?”
நான் விரல்களைப் பார்த்தேன்.
“மே மாதம் புடூடாவில் சாலை இருக்காது.”
மலை சரிவதைப் பற்றி
அவள் அதற்குமேல் சொல்லவில்லை.

உச்சிக்குழியின் ஓரமாக உள்ளே போனேன்.
நீரில் ஆடும் செம்பாசி போல் அந்தப் பின்னல்,
அதைத் தொடர்ந்து போனால் வாசல்.
அதுவரை எல்லாம் புத்தகம்.

வாசலுக்கு அப்பால்
இரண்டு சுவர்களும் நடுவில் ஒட்டிப்போயிருந்தன.
சிலருக்குச் சுண்டுவிரல் நுனியளவு இருக்கும் பாலம்,
சிலருக்கு இருப்பதே இல்லை.
இவனுக்கோ
கதவை அடைத்துப் படுத்த மாடு.

அதன் வயிற்றடியில் நுழைந்து தரையைத் தொட்டேன்.
தரை துடித்தது.
எலும்புக்கும் தமனிக்கும் நடுவே
ஊசி நுழைய இடமில்லை.

“ஏன் நின்றுவிட்டீர்கள்?”
மயக்கமருந்துப் பக்கமிருந்து ஒக்குவி.
நாடி நூற்று நாற்பது.
வெளியே வனாலேப் பாறையிலிருந்து
அருவி விழும் சத்தம்
இந்த அறைவரை கேட்காது. கேட்டது.

பின்வாங்கலாம். குழாய் வைக்கலாம்.
சாலை இருக்காது.

எங்கள் எண்டோஸ்கோப் வளையக்கூடியது.
கட்டைவிரலை ஒரு மயிரிழை நகர்த்தினேன்,
நுனி தரையை விட்டுத் தலை தூக்கி
முன்சுவரைப் பார்த்தது.
பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே
வெங்காய உள்தோலாய் ஒரு சவ்வு.
அதற்கப்பாலும் தமனிகள் உண்டு,
அன்று ஒதுங்கி நின்றன.
ஏனென்று எனக்குத் தெரியாது.

மழுங்கிய முனையால் அழுத்தினேன்.
கிழிந்த விளிம்பு படபடத்தது,
உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே.
நீர் போகிறது என்பதற்கு
அதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மாலையில் நபுலோ கேட்டாள்:
“உள்ளே எப்படி இருந்தது?”
பதினோரு ஆண்டில் யாரும் கேட்டதில்லை.
நோட்டைக் காட்டினேன்.
மகனின் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள்,
தலைகீழாய்த் திருப்பியும் பார்த்தாள்.
பிறகு முந்தைய பக்கங்களைத் தொட்டு,
“இந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே?” என்றாள்.
சிலரைச் சொன்னேன்.
சில பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மே. மழை. வானொலியில் புடூடா.
நோட்டில் மூன்றாம் மாத அளவுக்கான கட்டம்
காலியாகவே கிடந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி வந்தார்கள்,
முழங்கால்வரை காய்ந்த சேறு,
பையன் முதுகில் தூளியில்.
டேப்பைச் சுற்றினேன். ஐம்பத்திரண்டரை.
டார்ச்சை நகர்த்தினேன்,
இடக்கண் உடனே வந்தது.
வலக்கண்
கொஞ்சம் கழித்து.